இரண்டு ஆற்றுக்கு நடுவில்: கும்பகோணம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

வயதான பெற்றோருடன் கும்பகோணத்துக்கு ஒரே ஒரு நாள் வருகிறோம். இருவருக்கும் மூட்டுவலி. எந்தக் கோயிலுக்கு எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், பிறகு கோயில் பட்டியலை. ஊரின் பெரிய கோயில்கள் எல்லாமே ஏறத்தாழ நண்பகல் 12 மணிக்கு நடை சாத்தி, மாலை 4 மணிக்குமேல்தான் திறக்கும். காலை 10 மணிக்கு ஊருக்குள் வந்து இறங்குகிறவர்கள் இரண்டு கோயில் பார்ப்பதற்குள் நடை சாத்திவிடுகிறது. ஆகவே முதல் நாள் இரவே வந்து தங்கிவிடுங்கள்.

காலை 6 மணிக்கு நாகேசுவரன் கோயில். அப்பர் பாடிய குடந்தைக் கீழ்க்கோட்டம் இதுதான். கருவறைச் சுவரின் தேவகோட்டங்களில், அதாவது மாடங்களில், நிற்கும் ஆண், பெண் உருவங்கள் முதலாம் ஆதித்த சோழன் காலத்தவை. முற்காலச் சோழர் சிற்பத்தின் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் இவற்றைக் காட்டலாம். சித்திரை 11, 12, 13 ஆகிய நாள்களில் காலைச் சூரியக் கதிர் கருவறைக்குள் விழும். அந்த நாள்களில் கூட்டம் மிகுதி. மூட்டுவலிக்காரர்கள் தவிர்ப்பது நல்லது.

அடுத்து சாரங்கபாணி. ஊரிலேயே உயரமான 11 நிலைக் கோபுரம் இங்கே. கருவறை, குதிரையும் யானையும் இழுக்கும் தேராக அமைந்தது. உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு வாசல்கள், அந்தந்த ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் திறக்கும். நாதமுனிகள் நம்மாழ்வாரின் பாசுரங்களைத் தேடிப் புறப்பட்டது இந்தப் பெருமாளைப் பாடிய பத்துப் பாட்டைக் கேட்டுத்தான் என்பது வைணவ மரபு. இதற்குப் பின் நேரம் இருந்தால் இராமசாமி கோயிலின் முன்மண்டபத் தூண்கள். தஞ்சை இரகுநாத நாயக்கர் காலப் பணி அது. திருச்சுற்றுச் சுவரில் இராமாயணம் முழுவதும் ஓவியமாக ஓடுகிறது. மூன்று சுற்று வந்தால்தான் கதை முடியும். பெற்றோரை ஒரு தூணடியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் சுற்றி வாருங்கள்.

பகல் முழுவதும் ஓய்வு. மாலை 4 மணிக்குத் தாராசுரம். ஊரிலிருந்து மேற்கே நான்கு கிலோமீட்டருக்குள். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இதை மாலைக்கு வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாயன்மார் வரலாற்றைச் சொல்லும் சிற்பங்கள் அடித்தளத்தை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கின்றன. உச்சிவெயிலில் அவை தட்டையாகத் தெரியும். வெயில் சாய்ந்தால்தான் முகமும் கையும் எழுந்து நிற்கும். பகல் வெயிலில் காய்ந்த கல்தளம் பாதத்தைச் சுடும் என்பது இன்னொன்று; பருத்திக் காலுறை எடுத்து வாருங்கள். கோயில் தரை சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்தது, மழை பெய்தால் நந்தியைச் சுற்றி நீர் தேங்கும். இரவு நடை சாத்துவதற்குள் ஆதிகும்பேசுவரரைத் தரிசித்துவிடலாம்.

சுவாமிமலையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். தமிழ் ஆண்டுகளின் கணக்கில் 60 படி ஏற வேண்டும்.

அடுத்த மகாமகம் 2028-இல் என்கிறார்கள். குடும்பத்தோடு வர நினைக்கிறோம். 1992-இல் நடந்ததை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.
– வாசகர், சேலம்

பயம் நியாயமானது. 1992 பிப்ரவரி 18 அன்று குளக்கரையில் ஏற்பட்ட நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் உயிரிழந்தனர். அந்த ஒரு முகூர்த்த நேரத்திலேயே முழுக வேண்டும் என்று எல்லாரும் ஒரே கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை அன்று ஊர் பார்த்தது. குளத்தின் பரப்பு ஆறு ஏக்கருக்குச் சற்று மேல். எத்தனை இலட்சம் பேர் வந்தாலும் அந்த ஆறு ஏக்கர் பெருகாது.

எனவே உங்களுக்கு எங்கள் முதல் யோசனை: மாசி மகம் அன்று வராதீர்கள். கொடியேற்றத்திலிருந்து தீர்த்தவாரி வரை 10 நாள் விழா. அதில் எந்த நாள் நீராடினாலும் மகாமக நீராடல்தான். முதல் சில நாள்களில், அதுவும் வார நாளில், விடிவதற்கு முன் வந்தால் முதியவர்களும் நின்று நிதானமாக முழுகலாம்.

வாகனங்களை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். குறைந்தது இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, கையில் ஒரு மாற்றுத்துணி, தண்ணீர், அன்றாட மருந்து ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவும் வெளியேற்றமும் தனித்தனி வழி. உள்ளே போன வழியில் திரும்ப முடியாது. ‘செருப்பு விட்ட இடத்துக்கு வா’ என்று சொல்லிவைத்தால் அங்கே யாரும் திரும்பி வர இயலாது. வெளியேறும் வழிக்கு அப்பால் ஓர் இடத்தை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கூட்டத்தில் கைப்பேசி சரியாக எடுக்காது. குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் இரண்டு எண்களும் எழுதிய தாள் இருக்கட்டும். நீரின் அளவைக் குறைவாகவே வைப்பார்கள் என்பதால் மூழ்கும் ஆபத்தைவிட வழுக்கும் ஆபத்தே பெரிது. படியில் எண்ணெய் கூடாது, சோப்பு கூடாது. பக்கவாட்டில் ஒருவர் கையைப் பிடித்தபடி இறங்குங்கள். முன்னால் தள்ளுமுள்ளு வந்தால் எதிர்த்து நிற்காமல் ஓரமாகச் சாய்ந்து நகருங்கள். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்காதீர்கள்.

மகாமகக் குளம், பொற்றாமரைக் குளம், காவிரி என்ற வரிசையில் நீராடுவது வழக்கம். தீர்த்தவாரிக்கு 12 சிவாலய மூர்த்திகள் மகாமகக் குளத்துக்கும், ஐந்து பெருமாள் கோயில் மூர்த்திகள் காவிரிச் சக்கரப் படித்துறைக்கும் எழுந்தருள்வர். குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் நாயக்க மன்னர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் எழுப்பியவை என்பது மரபு. ஒன்றில் துலாபாரக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. குளத்துக்குள் 20 கிணறுகள் உண்டு. விழா இல்லாத ஒரு நாளில் வந்தால்தான் இதையெல்லாம் கண்ணாரப் பார்க்க முடியும்.

மகாமகம் சரியாக 12 ஆண்டுக்கு ஒருமுறைதானா?
– வாசகர், விருத்தாசலம்

சிம்ம ராசியில் குரு இருக்கும் ஆண்டின் மாசி மகமே மகாமகம். குரு ஒரு சுற்றை முடிக்க ஆவது 11.86 ஆண்டு. அந்தச் சிறு குறைவு சேர்ந்துகொண்டே வருவதால் எப்போதாவது 11 ஆண்டிலும் வந்துவிடும். அண்மைக் காலத்தில் 1992, 2004, 2016 என்று 12 ஆண்டு இடைவெளியிலேயே வந்திருக்கிறது.

கும்பகோணத்துக் குளங்கள் ஏன் வறண்டோ பச்சைப் பாசி படர்ந்தோ கிடக்கின்றன? இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில் இது எப்படி?
– வாசகி, கும்பகோணம்

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். அந்தக் காலத்தார் இந்த அமைப்பைப் பயன்படுத்திக்கொண்ட விதம் அருமையானது. ஆற்றில் தண்ணீர் வந்ததும் வாய்க்கால் வழியே குளங்கள் நிறையும். நிறைந்தது மறுபக்கம் வடியும். வரும் வழி, போகும் வழி இரண்டும் இருந்தால்தான் குளம் குளமாக இருக்கும்.

இன்று அடைபட்டிருப்பது அந்த வாய்க்கால்கள். சில இடங்களில் மேலே கட்டடம், சில இடங்களில் குப்பை, பல இடங்களில் வீட்டுக் கழிவுநீரை நேரே அதில் விட்டிருக்கிறார்கள். கழிவுநீர் கலப்பதால், ஆற்றில் நீர் வந்தாலும் அந்த வாய்க்கால் வழியே குளத்துக்குத் திறந்துவிட அஞ்சுகிறார்கள். குளத்துக்கு மிஞ்சுவது மழையும் ஆழ்குழாயும்தான். போக்கிடம் இல்லாமல் நிற்கும் நீரில் பூ, அரிசி, எண்ணெய், சோப்பு விழுந்து மட்கும். அந்தச் சத்தும் வெயிலும் சேர்ந்தால் பாசி பெருகும். பிளீச்சிங் பவுடர் போட்டால் சில நாள் தெளியும். செத்த பாசி அடியில் படிந்து அடுத்த பாசிக்கு உரமாகும். நீர் மாறாமல் நிறம் மாறாது.

செய்ய வேண்டியதற்குப் பருவம் உண்டு. வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கும். கடைமடைக்கு நீர் வருவதற்கு முன், அதாவது சித்திரை, வைகாசியிலேயே வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். ஆற்றில் நீர் வந்தபின் தூர் வாரினால் வாரிய மண் கரையிலிருந்து மறுபடி உள்ளேயே சரியும்.

மனு கொடுப்பதானால் ‘எங்கள் குளத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் போதாது. வாய்க்காலின் பெயர், அடைபட்ட இடத்துக்கு அருகில் உள்ள தெருவும் கதவு எண்ணும், வார்டு எண், நாளிட்ட படம் ஆகிய நான்கு விவரங்களையும் சேருங்கள். அந்த வாய்க்கால் மாநகராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா, கோயிலுடையதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன மனு ‘எமது துறைக்கு உட்பட்டதல்ல’ என்ற ஒரு வரியோடு திரும்பிவரும். அதற்குள் ஒரு பருவம் கடந்துவிடும்.

என் மகளுக்குக் கும்பகோணத்தில் பிரசவம் ஆனது. அவள் இருப்பது பெங்களூரில். பிறப்புச் சான்றிதழை எங்கே வாங்குவது? குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
– வாசகி, பாபநாசம்

பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. பெற்றோர் வசிக்கும் ஊரில் அல்ல. தாய்வீட்டுப் பிரசவம் வழக்கமாக உள்ள நம் பக்கத்தில் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். மாநகராட்சி எல்லைக்குள் உள்ள மருத்துவமனையில் பிறந்திருந்தால் கும்பகோணம் மாநகராட்சிப் பதிவாளரிடம் பதிவாகும். பக்கத்து ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ உள்ள மருத்துவமனை என்றால் அந்தந்த இடத்துப் பதிவாளர். முகவரி கும்பகோணம் என்று இருந்தாலும் எல்லை வேறாக இருக்கக்கூடும். வீட்டுக்கு வருவதற்கு முன் மருத்துவமனையிலேயே கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில் பிறந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. 21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாளுக்கு மேல் ஓராண்டு வரை மேல் அலுவலரின் அனுமதியும் தேவை. ஓராண்டு கடந்தால் நிர்வாக நடுவரின் ஆணை வேண்டும். கடைசிக் கட்டத்துக்குப் போனால் அலைச்சல் மாதக்கணக்கில் நீளும்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்கு வழங்கும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புப் பதிவு நகராது. உங்கள் மகள் கர்ப்ப காலம் முழுவதும் பெங்களூரில் இருந்துவிட்டுக் கடைசி மாதம் வந்திருந்தால் இந்த எண் இல்லாமல் போயிருக்கலாம். அப்படியானால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் ஆதார், மகப்பேறுப் பரிசோதனைச் சீட்டு, மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டு ஆகியவற்றைக் காட்டிக் கேளுங்கள். வேறு மாநிலத்திலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்கள் ஏழாம் மாதத்திலேயே இதை முடித்துவிடுவது நல்லது.

பெயர் வைக்காததால் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயர் இல்லாமலே பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பதிந்த பெயரை முழுதாக மாற்ற விடமாட்டார்கள், எழுத்துப் பிழையைத் திருத்தலாம். அதனால் தாய், தந்தை பெயரை அவர்களுடைய ஆதார், பள்ளிச் சான்றில் உள்ள எழுத்திலேயே, முதலெழுத்து எந்தப் பக்கம் என்பது உட்படத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். மருத்துவமனைப் படிவத்தை யாரோ ஒரு உறவினர் அவசரத்தில் நிரப்பிக் கொடுப்பதில்தான் பிழைகள் பிறக்கின்றன.

பதிவு முடிந்தபின் மகள் இங்கே வர வேண்டியதில்லை. மாநில அரசின் பிறப்பு–இறப்புப் பதிவு இணையதளத்தில் பெங்களூரிலிருந்தே சான்றைத் தரவிறக்கலாம். கியூஆர் குறியுள்ள அந்த நகலே செல்லுபடியாகும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு முதலியவற்றுக்கு வயதைக் காட்டும் சான்று இது ஒன்றுதான்.

நகராட்சி மாநகராட்சியானதால் எங்களுக்கு என்ன மாறியது? வரி மட்டும்தானா?
– வாசகர், தாராசுரம்

1866-இல் நகராட்சியான ஊர், 2021-இல் மாநகராட்சியானது. உங்கள் தாராசுரம் பேரூராட்சி அப்போதுதான் இதனோடு இணைந்தது. 48 வார்டுகள். 2022 தேர்தலுக்குப் பின் முதல் மேயராகப் பொறுப்பேற்ற கே. சரவணன் ஆட்டோ ஓட்டுநர்.

உங்களுக்கு நேராக மாறியது, முன்பு பேரூராட்சி அலுவலகத்தில் முடிந்த சொத்துவரி, குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி, பிறப்பு–இறப்பு எல்லாம் மாநகராட்சிக்குப் போனது. மாறாதது: பட்டா, வாரிசுச் சான்று, சாதிச் சான்று எல்லாம் வருவாய்த் துறையிடம்தான்; வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் கும்பகோணத்தில், ஆட்சியர் தஞ்சாவூரில். மேயரிடம் பட்டா கேட்டு மனு கொடுப்பது வீண் அலைச்சல்.

வரியில் ஒரு சலுகையைப் பலர் தவறவிடுகிறார்கள். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும், இரண்டாவதை அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, உச்ச அளவு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு கூடும். பழைய பேரூராட்சி வரிவிதிப்பு எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருக்கக்கூடும். இணையத்தில் கட்டும் முன் பெயரும் கதவு எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு வரியைக் கட்டிவிட்டால் மீட்பது பெரும்பாடு.

இன்னொன்று: வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. அப்பா காலமானபின் பெயர் மாற்றும்போது வரியோடு நின்றுவிடாமல் வாரிசுச் சான்று, பத்திரம், வில்லங்கச் சான்று வைத்து நகர நில அளவைப் பதிவேட்டிலும் மாற்றிக்கொள்ளுங்கள். விற்கப் போகும் நாளில்தான் இது தெரியவரும். அதற்குள் உடன்பிறந்தார் நான்கு ஊரில் இருப்பார்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் முன் கட்டடத்தைப் பற்றி என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, திருவிடைமருதூர்

இந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதன் கனம் தெரிகிறது. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு, ஒரே அறையில் நெருக்கியடித்த வகுப்புகள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கின.

கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் நடப்பில் உள்ளவையா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தாளோடு நிற்காமல் கண்ணாலும் பாருங்கள்: மாடி வகுப்புக்கு இரண்டாவது படிக்கட்டு உண்டா, அது பூட்டிக் கிடக்கிறதா, சமையல் இடம் வகுப்பறைக்கு எவ்வளவு தூரம், கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, சன்னல் கம்பி வழியே வெளியேற வழி இருக்கிறதா. பள்ளி நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள்; விடுமுறையில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும்.

சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாகச் செல்லும் சுற்றுப்பாதையை ‘மெயின் லைன்’ என்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து நேராகத் திருச்சி போவதுதானே முதன்மைப் பாதை?
– வாசகர், சென்னை

வயதில் மூத்தது இதுதான். விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று 1870-களின் இறுதிக்குள் போட்ட மீட்டர்கேஜ் பாதை இது. நெல்லும் துறைமுகமும் கோயிலூர்களும் இந்தப் பக்கம்தான் இருந்தன. விருத்தாசலம் வழியான குறுக்குப்பாதை 1920-களின் இறுதியில்தான் வந்தது. அதனால் அது ‘கார்டு லைன்’. பின்னாளில் அகலப்பாதையும் மின்மயமும் அங்கே முதலில் போனதால் பழைய பாதை பின்தங்கியது. விழுப்புரம் – மயிலாடுதுறை அகலப்பாதை 2010-இல்தான் முடிந்தது. இரவில் சென்னைக்குப் போக உழவன் விரைவு வண்டி வசதியானது.

சுவாமிமலையில் வீட்டுப் பூசைக்கு ஒரு நடராசர் செய்யச் சொல்ல விரும்புகிறோம். ஏமாறாமல் இருக்க எதைக் கவனிப்பது? எப்படித்தான் செய்கிறார்கள்?
– வாசகி, மதுரை

செய்யும் விதம் தெரிந்துவிட்டால் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அளவு. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கில் பிரிப்பார்கள். சிவன், திருமால் முதலிய மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 பங்கு. முகம், கழுத்து, மார்பு, முழங்கால் எல்லாம் இந்தப் பங்கில் அடங்கும். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிக் கலந்த மெழுகில் உருவம் செய்வார்கள். கை, கால், உருவத்தைச் சூழும் பிரபை (திருவாசி) தனித்தனியாகப் பிடித்துச் சூட்டுக்கோலால் ஒட்டுவார்கள். உலோகம் ஊற்றும் வழியும் காற்று வெளியேறும் வழியும் மெழுகுக் குச்சிகளாக இந்தக் கட்டத்திலேயே சேர்ந்துவிடும்.

அதன்மேல் மண் பூச்சு. முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல். மாவுபோல் நைசாக இருக்கும் அந்த மண்தான் சுவாமிமலையின் மூலதனம். மெழுகில் கீறிய இமைமயிர்க் கோடுகூட அதில் பதியும். மெல்லிசாகப் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகி உருவம் சரியும். அடுத்த பூச்சு வயல் களிமண்ணும் மணலும். பெரிய சிலையென்றால் இரும்புக் கம்பி கட்டி மூன்றாவது பூச்சு. எருமூட்டத்தில் வைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். உள்ளே சிலையின் வெற்றிடம் நிற்கும். மெழுகின் எடையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் தேவைப்படும் என்று முன்பே நிறுத்துக் கணக்கிட்டிருப்பார்கள்.

ஊற்றும் நேரம்தான் உயிர்நிலை. அச்சு சூடாக இருக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் நீராவி சீறி உலோகத்தில் குழிகள் விழும், அச்சே வெடிக்கவும் கூடும். உலோகத்தை ஒரே மெல்லிய தாரையாக, இடையில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நிறுத்தினால் முன்னது ஆறிப் பின்னது ஒட்டாமல் கோடு விழும். விரல் நுனி, சடைநுனி போன்ற மெல்லிய இடங்களுக்குக் காற்றுவழி சரியாக இல்லாவிட்டால் உலோகம் எட்டாது. நடராசருக்கு விரிசடையும் திருவாசியும் இருப்பதால் இந்த ஆபத்து மற்ற உருவங்களைவிட அதிகம். கேட்கும் விலையில் அந்த ஆபத்துக்கும் பங்கு உண்டு. ஆறியபின் அச்சை உடைத்து எடுப்பார்கள். ஒரு மெழுகு, ஒரு மண் அச்சு, ஒரே சிலை. பிறகு வாரக்கணக்கில் அரமும் உளியும். கண் திறப்பது கடைசியில்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. உள்ளே நிறைந்த கன வார்ப்பா, உள்ளே வெற்றான பொள்ளலா? வீட்டுப் பூசைக்கான சிறு சிலை கனமாகத்தான் இருக்க வேண்டும். கையில் எடுத்தாலே தெரியும். உலோகக் கலவை என்ன? ஏறத்தாழ 85 பங்கு செம்பு, 13 பங்கு பித்தளை, மீதி ஈயம் என்பது நடைமுறை. பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிதளவு. பொன் சேர்க்க விரும்பினால் நீங்களே கொண்டுபோய்க் கண்முன்னே உருக்கும் கலயத்தில் போடலாம். ‘உள்ளே பொன் நிறைய இருக்கிறது’ என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். மெழுகு உருவம் முடிந்ததும் பார்க்க வருவதாகச் சொல்லிவையுங்கள். முகம் பிடிக்கவில்லை என்றால் அப்போது திருத்தலாம், உலோகமான பின் முடியாது. விரல்கள், சடை, பாதத்தின் அடி ஆகிய இடங்களில் வேறு நிறத்தில் அடைத்த திட்டுகள் இருக்கின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

வெளிநாட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் அது பழம்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் பெற்றாக வேண்டும். விமான நிலையத்தில் போய் விளக்கம் சொல்லிப் பயனில்லை. சிற்பியிடம் ரசீதும், சிலை முடிந்தவுடன் எடுத்த படமும் கேட்டு வாங்கிவையுங்கள்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வாங்கும்போது?
– வாசகி, புதுச்சேரி

விலை எடைக்குத்தான், ஆகவே கண்முன் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் அல்லது பிரபை என்று நான்கும் தனித்தனி வார்ப்பு, மரையில் பொருந்தும். கடையிலேயே எல்லாவற்றையும் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். மரை பாதியில் இறுகி நின்றால் விளக்கு சாய்ந்து நிற்கும், எண்ணெய் ஒரு பக்கமாக வழியும். சமதரையில் வைத்து ஒரு விரலால் தட்டுங்கள், ஆடினால் வேண்டாம். தட்டில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் அடியில் கசியும். அடிப்பாகத்துக்குள் சிமெண்டோ ஈயமோ நிரப்பி எடை கூட்டியிருக்கிறார்களா என்று கவிழ்த்துப் பார்ப்பதும் அவசியம். தேய்க்கப் புளியும் சாம்பலும் போதும். புளி போட்டபின் நன்றாகக் கழுவித் துடைத்து, மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். புளிச்சாறு தங்கினால் பச்சைக் களிம்பு பிடித்து அடுத்த முறை கழற்ற வராது.

கணித மேதை இராமானுசன் வீட்டைப் பார்க்க முடியுமா?
– மாணவர், நாமக்கல்

முடியும். சாரங்கபாணி சன்னிதித் தெருவில், கோயிலுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. பிறந்தது ஈரோட்டில், 1887-இல். வளர்ந்தது இந்த வீட்டில். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பேணுகிறது. 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். திண்ணை, தெருவைப் பார்த்த சன்னலுள்ள சிறிய அறை, கொல்லையில் கிணறு. அவ்வளவுதான் வீடு. அவர் படித்த நகர மேல்நிலைப் பள்ளியும், 1854-இல் தொடங்கிய அரசு கல்லூரியும் நடக்கும் தூரம். 1904-இல் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்ததும் இங்கேதான்.

சங்க காலத்திலேயே கும்பகோணம் இருந்தது என்பதற்குச் சான்று உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

சோழர் குடந்தையில் நாட்டின் நிதியைக் கடுங்காவலில் வைத்திருந்ததாக அகநானூற்றின் 60-ஆம் பாட்டு சொல்கிறது. அந்தக் குடந்தை இதுவா, குடவாசலா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். இதுதான் என்று அடித்துச் சொல்வது சரியல்ல. தேவாரக் காலத்தில் குடமூக்கு என்ற பெயரில் ஊர் இருந்தது உறுதி. சோழர் அரண்மனை இருந்த பழையாறை இங்கிருந்து சில கிலோமீட்டர் தென்மேற்கே. பக்கத்தில் சோழமாளிகை என்ற சிற்றூர் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

கும்பகோணம் வெற்றிலை ஊருக்கு வாங்கி வந்தால் இரண்டே நாளில் கறுத்துவிடுகிறது. தவறு எங்கே?
– வாசகி, ஈரோடு

பெரும்பாலும் பாலித்தீன் பையில். வெற்றிலை மூச்சுவிடும், அடைத்த பையில் வியர்த்து, ஈரம் தங்கிய இடத்தில் கறுத்து அழுகும். ஒரு இலை அழுகினால் கவுளியில் உள்ள நூறும் கெடும். வாங்கியதும் கட்டைப் பிரித்து, கிழிந்ததையும் புள்ளி விழுந்ததையும் எடுத்துவிடுங்கள். காம்பை முழுதாகக் கிள்ள வேண்டாம். நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, அதன்மேல் வாழையிலை. துணியைத் தினம் ஒருமுறை அலசிப் பிழிந்து மாற்றினால் ஒரு வாரம் பசுமை மாறாது. குளிர்பெட்டியில் வைப்பதானால் கீழ்த்தட்டில் மட்டும். உறைநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் இலை கண்ணாடிபோல் ஆகி நசிந்துவிடும்.

கடையில் கொழுந்து வெற்றிலை என்று கேளுங்கள். இளம்பச்சையாக, மெல்லியதாக, மடித்தால் முறியாமல் இருக்கும். சுவாமிமலை, பாபநாசம், இராசகிரிப் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தி மரத்தின்மேல் படர்த்தி வளர்ப்பது இது. 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரிக்கரை வண்டலின் ஈரமும் அகத்தி நிழலும் சேர்ந்த இலை என்பதால்தான் அந்த மென்மை. ஆனால் அதே ஈரம் அளவு மீறி வேரில் ஒரு நாள் நின்றாலும் வாடல் நோய் வந்து கொடிக்காலே போய்விடும். அதனால் பெருமழைக்குப் பிந்தைய வாரங்களில் வரத்துக் குறைந்து விலை ஏறும். அப்போது மலிவாகக் கிடைத்தால் அது வேறு ஊர் இலையா என்று பார்த்து வாங்குங்கள்.